நெய்வேலியின் கார்பாலிக் அமிலம்

நெய்வேலி என்றதும் மின்சாரம்தான் நினைவுக்கு வரும். பிளாஸ்டிக் தொழிலுக்கான ஒரு மூலப்பொருளும் அங்கே பல ஆண்டுகள் கிடைத்துவந்தது. பழுப்பு நிலக்கரியிலிருந்து பிரித்த கார்பாலிக் அமிலம்தான் அது. வேதியியலில் அதற்குப் பீனால் என்று பெயர்.

ஜெர்மானியரான ரூங்கே 1834-இல் நிலக்கரித் தாரில் இப்பொருளைக் கண்டார். பழைய மருத்துவமனைகளின் வாசனை இதனுடையதே. 1907-இல் பேக்லண்ட் இதை ஃபார்மால்டிஹைடுடன் சேர்த்துச் சூடாக்கி, முழுக்கச் செயற்கையான முதல் பிளாஸ்டிக்கான பேக்கலைட்டை உருவாக்கினார். மின்சார சுவிட்சுகளும் ரேடியோப் பெட்டிகளும் அதனால் செய்யப்பட்டன.

நெய்வேலி நிறுவனம் 1956-இல் தொடங்கப்பட்டது. அடுத்த ஆண்டு மே மாதம் நேரு சுரங்கப் பணியைத் தொடங்கிவைத்தார். 1961-இல் நிலக்கரி வெளிப்பட்டது. வெட்டியெடுத்த கரியில் ஏறத்தாழப் பாதி நீர். 1960-களின் நடுவில் எழுந்த ஆலையில் அதை உலர்த்தி, அழுத்திக் கட்டிகளாக்கி, காற்றுப் படாமல் சூடாக்கினார்கள். கிடைத்த புகையற்ற கரி 'லெக்கோ' என்ற பெயரில் வீட்டு அடுப்புகளுக்கு வந்தது. ஆவியாகப் பிரிந்ததைக் குளிர்வித்தபோது தார், பீனால், கிரெசால் ஆகியவை கிடைத்தன.

இவ்வளவு சூட்டிலும் பீனால் அழியாதது ஏன்? கரிம அமிலங்களில் பெரும்பாலானவை கார்பாக்சில் தொகுதியால் அமிலமானவை. சூடேறினால் அத்தொகுதி கார்பன் டை ஆக்சைடாகப் பிரிந்துவிடும். பழுப்பு நிலக்கரியிலுள்ள ஹியூமிக் அமிலங்களும் அப்படித்தான் சிதைகின்றன. சாலிசிலிக் அமிலத்தைச் சுமார் 200 டிகிரி செல்சியசுக்கு மேல் சூடாக்கினால் கார்பாக்சில் போய்விடும், எஞ்சுவது பீனால். அதாவது, உறுதியான பகுதி மிஞ்சுகிறது. பீனாலில் ஹைட்ராக்சில் தொகுதி பென்சீன் வளையத்தோடு நேரடியாகப் பிணைந்திருப்பதால் எளிதில் கழலாது. அதற்கும் எல்லை உண்டு. எஃகாலைக்குக் கற்கரி செய்யும் சுமார் 1000 டிகிரி உலைகளில் பீனாலும் பெருமளவு சிதைகிறது. அதனால், குறைந்த வெப்பத்தில் கரியாக்கும் முறையே பீனாலுக்கு ஏற்றது.

பெட்ரோலியத்திலிருந்து குமீன் வழியாகப் பீனால் செய்யும் முறை உலகெங்கும் பரவியது. அதில் துணைப்பொருளாக அசிட்டோனும் கிடைப்பதால், தாரிலிருந்து பிரிப்பது ஈடுகொடுக்கவில்லை. சமையல் எரிவாயு வந்தபின் லெக்கோவும் தேவைப்படவில்லை. நெய்வேலியின் கரிக்கட்டி ஆலை இந்த நூற்றாண்டின் தொடக்கத்தில் மூடப்பட்டது. என் பார்வையில் இது ஓர் இழப்பே: வளையங்கள் நிறைந்த ஒரு மூலப்பொருள் இன்று கொதிகலனில் எரிகிறது.

அண்மையில் பழுப்பு நிலக்கரியிலிருந்து மெத்தனால் தயாரிக்கும் திட்டம் நெய்வேலிக்கு அறிவிக்கப்பட்டுள்ளது. பேக்கலைட்டின் மறுபாதியான ஃபார்மால்டிஹைடு மெத்தனாலிலிருந்துதான் செய்யப்படுகிறது.