இரு தரப்புக்கும் சாட்சி சொன்ன தமிழ்

சொல்லின் ஓசைக்கும் பொருளுக்கும் உறவு உண்டா? சொற்பொருளின் காரணம் எளிதில் புலப்படாது என்கிறது தொல்காப்பிய உரியியல். காரணமே இல்லை என்று அது சொல்லவில்லை. 1916இல், சசூர் மறைந்த பிறகு வெளிவந்த அவருடைய நூலோ, அந்த உறவு வெறும் இடுகுறி என்றது. மொழியியல் பெரும்பாலும் அவர் வழியே நடந்தது.

அதைச் சோதித்துப் பார்த்தவர்கள் உளவியலாளர்கள். அவர்களின் ஆய்வில் தமிழர் இருமுறை சாட்சிகளானார்கள்.

முதல்முறை 1962இல். இன்சப் டெய்லரும் மார்ட்டின் டெய்லரும் ஆங்கிலம், ஜப்பானியம், கொரியம், தமிழ் பேசுவோரிடம் பொருளற்ற அசைகளைக் கொடுத்தனர். எது பெரியது, எது வேகமானது, எது வெதுவெதுப்பானது, எது இனிமையானது என்று கேட்டனர். நான்கு மொழியினருக்கும் ஓசையில் பொருள் தோன்றியது. ஆனால் ஒருவருக்குத் தோன்றியது மற்றவருக்குத் தோன்றவில்லை. ஓசையுணர்வைத் தருவது அவரவர் தாய்மொழியே என்பது முடிவு.

இரண்டாம் முறை 2001இல். சென்னை ஸ்டான்லி மருத்துவக் கல்லூரியில் படித்து, சான் டியாகோவில் பேராசிரியரான வி. எஸ். ராமச்சந்திரன், எட்வர்டு ஹப்பார்டுடன் எழுதிய கட்டுரை அது. முள்முள்ளான வடிவம் ஒன்று, குமிழ்குமிழான வடிவம் ஒன்று. இவற்றில் 'கிக்கி' எது, 'பூபா' எது? அமெரிக்க மாணவரும் இந்தியத் தமிழரும், நூற்றுக்கு 95 பேருக்கு மேல், முள்ளைக் கிக்கி என்றனர். இது மூளையின் பொது அமைப்பு என்றார் ராமச்சந்திரன்.

ஆங்கில எழுத்தில் 'கே' முள்போலவும் 'பி' உருண்டையாகவும் இருப்பதே காரணம் என்பார் உண்டு. நம் எழுத்தில் 'கி'க்குக் கொக்கி வளைவு; 'ப'வோ மூலை மூலையாக நிற்கிறது.

எந்தச் சாட்சியம் சரி? கேள்விகளே வேறு. இரண்டில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கச் சொன்னால் ஒற்றுமை கூடும். 2022இல் வெளியான, 25 மொழிகளில் 917 பேரிடம் நடந்த ஆய்வில் ஒப்புதல் 72 விழுக்காடுதான். துருக்கியம், ருமேனியம், மாண்டரின் பேசுவோரிடம் அது தென்படவில்லை. பொது இயல்பு உண்டு. அதன்மேல் ஒவ்வொரு மொழியும் தன் பழக்கத்தை ஏற்றுகிறது.

சுகர் லேண்டில் வளரும் பிள்ளைக்கும் கிக்கி முள்தான். அது போகாது. 'மொறுமொறு' என்றதும் முறுக்கும் 'கொழகொழ' என்றதும் வெண்டைக்காயும் நாவில் தட்டுவதுதான் இரட்டைக்கிளவியைக் கேட்டு வளர்ந்த காதுக்கு மட்டும் உரியது. அதைப் பாடநூலால் தர முடியாது. சமையலறையில் நாம் பேசினால்தான் உண்டு.