மக்களின் தீர்ப்பும் மன்றத்தின் தீர்ப்பும்

2016 நவம்பர் 4ஆம் நாள் இலண்டனில் வெளிவந்த டெய்லி மெயில் நாளிதழ், தன் முதற்பக்கத்தில் மூன்று நீதிபதிகளின் படங்களை அச்சிட்டு, அவர்களை ‘மக்களின் பகைவர்கள்’ எனச் சாடியது. அந்நீதிபதிகள் செய்தது யாது? ஐரோப்பிய ஒன்றியத்திலிருந்து விலகும் அறிவிப்பை, நாடாளுமன்றம் சட்டம் இயற்றி இசைவளிக்காமல் அரசு அனுப்புதல் இயலாது என முந்தைய நாள் தீர்ப்பளித்தனர். அவ்வளவே. மக்கள் வாக்களித்து முடிவு சொன்ன ஒன்றில் நீதிமன்றம் குறுக்கிடலாமா என்ற கேள்வி அன்று பிரிட்டன் முழுவதும் எழுந்தது. அக்கேள்விக்கு வரலாறு தந்த விடையை இங்கு நாம் ஆராய்வோம். பிரிட்டிஷ் நாடாளுமன்ற முறையின் வழிவந்த ஆட்சியமைப்பில் வாழும் நமக்கும் அவ்விடையில் பாடம் உண்டு.

வழக்கின் பின்புலம்

பிரிட்டன் 1973 சனவரி 1ஆம் நாள் ஐரோப்பியப் பொருளாதாரச் சமூகத்தில் இணைந்தது. அதற்கு வழிவகுத்தது 1972இல் நாடாளுமன்றம் இயற்றிய சட்டம். அச்சட்டத்தின் வாயிலாக ஐரோப்பியச் சட்டங்கள் பிரிட்டன் நாட்டுச் சட்டமாகவே செயற்படலாயின. 1975இல் நடந்த பொதுவாக்கெடுப்பில் மூன்றில் இரு பங்கினர் நீடிப்பதையே விரும்பினர். ஏறத்தாழ நாற்பதாண்டுகளுக்குப் பின் நிலைமை மாறியது. 2016 சூன் 23ஆம் நாள் நடந்த வாக்கெடுப்பில் 51.9 விழுக்காட்டினர் விலகலையும் 48.1 விழுக்காட்டினர் நீடித்தலையும் ஆதரித்தனர். விலகலுக்குக் கிடைத்த வாக்குகள் ஏறத்தாழ 1 கோடியே 74 இலட்சம்.

விலகும் முறையை லிஸ்பன் உடன்படிக்கையின் 50ஆம் பிரிவு வரையறுக்கிறது. விலக விரும்பும் நாடு தன் அரசமைப்பு நெறிப்படி முடிவெடுத்து, அதனை ஒன்றியத்துக்கு அறிவித்தல் வேண்டும். பிரிட்டனின் அரசமைப்பு நெறிப்படி அந்த அறிவிப்பை அனுப்பும் உரிமை யாருக்கு உண்டு? பிரதமர் தெரசா மே தமக்கே உண்டு என்றார். பிரிட்டிஷ் கயானாவில் பிறந்து பிரிட்டனில் முதலீட்டு மேலாளராகப் பணியாற்றிய ஜினா மில்லரும் வேறு சிலரும் நாடாளுமன்றத்துக்கே உண்டு என வழக்குத் தொடுத்தனர்.

இருதரப்பு வாதங்கள்

அரசின் வாதம் எளிதில் தள்ளத்தக்கதன்று. பிற நாடுகளோடு உடன்படிக்கை செய்வதும் அதனை முறிப்பதும் முடியரசுக்குரிய தனியுரிமை; அதனை முடியரசின் பெயரால் அமைச்சர்கள் பயன்படுத்துவர். இது நெடுநாள் வழக்கு. மேலும், மக்களே நேரடியாக விடையளித்துவிட்ட பின்னர் அவர்களின் பேராளர்களிடம் மீண்டும் கேட்பானேன் என்றும் அரசை ஆதரித்தோர் வினவினர்.

எதிர்த்தரப்பு வேறோர் அடிப்படையைச் சுட்டியது. முடியரசின் தனியுரிமை நாட்டுச் சட்டத்தை மாற்றவோ, நாடாளுமன்றம் மக்களுக்கு வழங்கிய உரிமையைப் பறிக்கவோ வல்லதன்று. அரசன் தன் ஆணையால் மட்டும் நாட்டுச் சட்டத்தை மாற்ற இயலாது என எட்வர்டு கோக் முதலிய நீதிபதிகள் 1610இலேயே உரைத்தனர். 1689ஆம் ஆண்டின் உரிமைச் சட்டம் அக்கொள்கையை உறுதிசெய்தது. ஒன்றியத்திலிருந்து விலகினால் 1972ஆம் ஆண்டுச் சட்டம் தந்த உரிமைகள் பல மறைந்துபோகும். ஆகவே, சட்டம் தந்ததைச் சட்டமே திரும்பப் பெறுதல் வேண்டும் என்பது அவர்களது வாதம்.

பொதுவாக்கெடுப்பின் நிலை என்ன? இதனை மாணவர்கள் கூர்ந்து நோக்குதல் நன்று. 2011இல் தேர்தல் முறை மாற்றம் குறித்துப் பிரிட்டனில் வாக்கெடுப்பு நடந்தபோது, மக்கள் ஆம் என்றால் அமைச்சர் அதனை நடைமுறைக்குக் கொண்டுவந்தே ஆக வேண்டும் என அதற்கான சட்டத்திலேயே எழுதப்பட்டிருந்தது. 2016 வாக்கெடுப்புக்கான 2015ஆம் ஆண்டுச் சட்டத்தில் அத்தகைய விதி எதுவும் இல்லை. எனவே, அவ்வாக்கெடுப்பு அரசியலில் பெருவலிமை உடையதாயினும், சட்டத்தைத் தானாக மாற்றும் ஆற்றல் அதற்கில்லை.

தீர்ப்பும் விளைவும்

அரசு மேல்முறையீடு செய்தது. உச்ச நீதிமன்றத்தில் அன்றிருந்த பதினொரு நீதிபதிகளும் ஒன்றாக அமர்ந்து 2016 திசம்பரில் நான்கு நாள்கள் வழக்கைக் கேட்டனர். 2017 சனவரி 24ஆம் நாள் எண்மர் ஒருபுறமும் மூவர் மறுபுறமுமாகப் பிரிந்து, நாடாளுமன்றச் சட்டம் இன்றி அறிவிப்பு அனுப்புதல் கூடாது எனப் பெரும்பான்மையால் தீர்ப்பு வழங்கினர். விலகல் நன்றா தீதா என்பது தமக்குரிய கேள்வி அன்று என்பதையும் நீதிமன்றம் தெளிவுறுத்தியது.

அதன்பின் நிகழ்ந்ததே நாம் நினைவிற்கொள்ள வேண்டியது. அரசு மிகச் சிறிய சட்டமுன்வரைவு ஒன்றைக் கொண்டுவந்தது. பொதுமக்கள் அவையின் இரண்டாம் வாசிப்பில் 498 பேர் ஆதரித்தனர். 114 பேர் எதிர்த்தனர். மார்ச் 16ஆம் நாள் அது சட்டமாயிற்று. மார்ச் 29ஆம் நாள், அரசு முன்னரே குறித்த காலக்கெடுவுக்குள், அறிவிப்பு அனுப்பப்பட்டது. மக்களின் முடிவைத் தடுக்க முயன்றதாகத் தூற்றப்பட்ட தீர்ப்பு, அம்முடிவை ஒரு நாளும் தாமதப்படுத்தவில்லை. அதற்குச் சட்டப்படியான அடித்தளத்தையே அமைத்துக் கொடுத்தது.

2019இல் மீண்டும் ஒரு மோதல் எழுந்தது. அக்டோபர் 31ஆம் நாள் விலகல் கெடு நெருங்கிய வேளையில், பிரதமர் போரிஸ் ஜான்சனின் அறிவுரைப்படி நாடாளுமன்றக் கூட்டத்தொடர் ஐந்து வாரங்களுக்கு முடக்கப்பட்டது. இங்கிலாந்தின் உயர் நீதிமன்றம் இதில் தலையிட மறுத்தது. ஸ்காட்லாந்தின் மேல்முறையீட்டு நீதிபதிகளோ அது சட்டத்துக்குப் புறம்பானது என்றனர். செப்டம்பர் 24ஆம் நாள் உச்ச நீதிமன்றத்தின் பதினொருவரும் ஒருமனதாக அம்முடக்கம் செல்லாது என அறிவித்தனர். மறுநாளே அவை கூடியது. 2017இல் அரசின் பக்கம் நின்று மாறுபட்ட தீர்ப்பெழுதிய ரீட் பிரபுவும் இந்த ஒருமனதான தீர்ப்பில் இணைந்திருந்தார். நீதிபதிகள் விலகலை எதிர்க்கும் ஓர் அணி என்ற குற்றச்சாட்டு எத்துணை வலுவற்றது என்பதற்கு இதுவே சான்று. இறுதியில் திசம்பர்ப் பொதுத்தேர்தலில் ஜான்சன் பெரும்பான்மை பெற்றார். 2020 சனவரி 31ஆம் நாள் பிரிட்டன் ஒன்றியத்திலிருந்து விலகியது. அரசியல் வினாவுக்கு விடை தந்தது தேர்தலே.

நம் மண்ணின் அனுபவம்

ஒன்றியம், நாடாளுமன்றம், நீதிமன்றம் என்னும் மூன்றும் சந்தித்த வரலாறு நமக்கும் உண்டு. மலேசியா உருவாவதற்குச் சில நாள்களே இருந்த வேளையில், 1963 செப்டம்பரில், கிளந்தான் மாநில அரசு நீதிமன்றத்தை நாடியது. மாநிலங்களின் இசைவின்றிக் கூட்டரசின் அமைப்பையே மாற்றும் மலேசியச் சட்டம் செல்லாது என்பது அதன் வாதம். நாடாளுமன்றம் அரசமைப்புச் சட்டம் வகுத்த எல்லைக்குள்ளேயே செயற்பட்டுள்ளது எனத் தலைமை நீதிபதி ஜேம்ஸ் தாம்சன் முடிவுசெய்தார். இரண்டு நாள்களில், செப்டம்பர் 16 அன்று, மலேசியா பிறந்தது. 1965 ஆகஸ்டு 9ஆம் நாள் சிங்கப்பூர் பிரிந்தபோது வாக்கெடுப்பும் இல்லை, வழக்கும் இல்லை. கோலாலம்பூர் நாடாளுமன்றம் ஒரே நாளில் அதற்கான சட்டத்தை நிறைவேற்றியது. மக்களவையில் ஆதரித்தோர் 126 பேர், எதிர்த்தோர் எவருமிலர்.

எனினும் ஒரு வேறுபாட்டை நாம் மறத்தலாகாது. பிரிட்டனில் நாடாளுமன்றமே மேலானது. மலேசியாவிலும் சிங்கப்பூரிலும் எழுதப்பட்ட அரசமைப்புச் சட்டமே மேலானது. இரு நாட்டு அரசமைப்புச் சட்டங்களின் 4ஆம் பிரிவும் அதனையே கூறுகிறது. எனவே, பிரிட்டனின் நீதிபதிகள் நாடாளுமன்றத்தின் உரிமையைக் காக்கின்றனர். நம் நீதிபதிகள் நாடாளுமன்றத்துக்கும் மேலான சட்டத்தைக் காக்கின்றனர்.

மக்களின் விருப்பம் யாது என்பது ஒரு கேள்வி. அவ்விருப்பத்தை யார், எம்முறையில் நிறைவேற்றுவது என்பது மற்றொரு கேள்வி. முதற்கேள்விக்கு விடை சொல்வோர் மக்கள். இரண்டாம் கேள்வியில் ஐயம் எழும்போது விடை சொல்ல ஒருவர் வேண்டும்; அவரே நீதிபதி. இவ்விரண்டையும் ஒன்றெனக் கொண்டமையாலேயே அன்று அம்மூவர் பகைவராகத் தோன்றினர். வகுப்பறையில் இவ்வழக்கைக் கற்பிக்கும் ஆசிரியர்கள், விலகலை ஆதரிப்பவரா எதிர்ப்பவரா என மாணவரைக் கேட்பதற்கு முன், தமக்கு விருப்பமான முடிவு முறை தவறி எடுக்கப்பட்டால் அதனை ஏற்பீரா எனக் கேட்பார்களாயின், வரலாறு கற்றதன் பயன் அங்கேயே தொடங்கும் என்பது நம் துணிபு.