எண்களுக்கு வண்ணம் வந்த வரலாறு

அறுபது மாணவர்கள், ஐந்து பாடங்கள்; ஆக 300 மதிப்பெண்கள் கொண்ட ஓர் அட்டவணையை எடுத்துக்கொள்வோம். அதில் 35க்குக் குறைந்தவற்றைத் தேட வேண்டுமானால் ஒவ்வோர் எண்ணாகப் படித்துச் செல்ல வேண்டும். அவை மட்டும் சிவப்புக் கட்டங்களில் இருந்தால் ஒரே பார்வையில் புலப்பட்டுவிடும். எண்ணின் அளவை அறிய அதைப் படித்தாக வேண்டும். வண்ண வேறுபாட்டையோ கண் படிக்காமலே கண்டுகொள்கிறது. கண்ணின் இந்த இயல்பை அட்டவணைக்குப் பயன்படுத்திக்கொண்ட வரலாறு கணிப்பொறியைவிடப் பழமையானது.

1873ஆம் ஆண்டில் தூசேன் லுவா என்பவர் பாரிஸ் நகர மக்கள்தொகை பற்றிய படத்தொகுப்பு ஒன்றை வெளியிட்டார். நகரின் 20 வட்டாரங்களில் வாழும் மக்களின் வயது, தொழில், பிறந்த நாடு முதலியவற்றை 40 நிலப்படங்கள் காட்டின. அத்தனை படங்களையும் ஒருசேர மனத்தில் நிறுத்துவது எளிதன்று. எனவே லுவா அவற்றை ஒரே அட்டவணையாகச் சுருக்கி, கட்டங்களை வண்ணங்களால் நிரப்பினார். மிகக் குறைந்த அளவுக்கு வெண்மை. பின்னர் மஞ்சள், நீலம். மிகுந்த அளவுக்குச் சிவப்பு.

இம்முறையில் ஒரு குறை இருந்தது. எண் மாறினால் படத்தையே மீண்டும் வரைய வேண்டும். இந்த உழைப்பைப் பின்னாளில் கணிப்பொறி ஏற்றுக்கொண்டது; ஆனால் ஒரே நாளில் அன்று.

1978இல் அமெரிக்காவின் ஹார்வர்டு வணிகப் பள்ளியில் டான் பிரிக்லின் மாணவராக இருந்தார். கரும்பலகையில் எழுதிய அட்டவணையில் ஓர் எண் மாறினால், அதைச் சார்ந்த எண்களையெல்லாம் அழித்து எழுத வேண்டியிருந்ததை அவர் கண்டார். பாப் ஃபிராங்க்ஸ்டனுடன் சேர்ந்து அவர் உருவாக்கிய 'விசிகால்க்' என்னும் விரிதாள் 1979இல் ஆப்பிள் 2 கணிப்பொறிக்கு வெளிவந்தது. ஓர் எண்ணை மாற்றினால் மற்றவை தாமே மாறின. ஆனால் அதன் கட்டங்களுக்கு வண்ணம் கிடையாது.

எக்செல் 97 என்னும் விரிதாளில் 'நிபந்தனை வடிவமைப்பு' இடம்பெற்றது. "மதிப்பு 35க்குக் கீழே இருந்தால் சிவப்பு" என்று நாம் விதி தருகிறோம். எண் மாறும்போதெல்லாம் நிரல் அந்த விதியைச் சோதித்து வண்ணத்தை மாற்றுகிறது. எண் அப்படியே இருக்கும். தோற்றம் மட்டுமே மாறும். அப்போது ஒரு கட்டத்துக்கு மூன்று நிபந்தனைகளே தர முடிந்தது. 2007ஆம் ஆண்டுப் பதிப்பு அந்த வரம்பை நீக்கியது. மேலும், சிறும மதிப்புக்கு ஒரு வண்ணம், பெரும மதிப்புக்கு ஒரு வண்ணம் கொடுத்தால், இடைப்பட்டவற்றுக்கு அளவுக்கேற்ற கலவையைத் தானே தரும் வண்ண அளவுகோலும் வந்தது. லுவாவின் அட்டவணையை இன்று சில நொடிகளில் தீட்டிவிடலாம்.

எனினும் இந்த வசதி நம்மை ஏமாற்றவும் கூடும். வெப்பநிலைகள் 28 முதல் 34 டிகிரி வரை உள்ள அட்டவணையில், புள்ளி விடுபட்டு 34.0 என்பது 340 என்று பதிவாகிவிட்டதாகக் கொள்வோம். அளவுகோலின் நீளம் இப்போது 312 டிகிரி. உண்மையான 6 டிகிரி வேறுபாடு அதில் 2 விழுக்காடுகூட இல்லை. மற்றக் கட்டங்கள் யாவும் ஏறத்தாழ ஒரே நிறமாகிவிடும்.

பார்ப்பவரின் கண்ணையும் மறத்தலாகாது. வேதியியல் அறிஞர் ஜான் டால்டன் தமது நிறக்குருடு பற்றி 1794இல் மான்செஸ்டரில் உரையாற்றினார். வட ஐரோப்பிய மரபினரில் ஆண்களுள் சுமார் 8 விழுக்காட்டினர்க்குச் சிவப்பு, பச்சை வேறுபாட்டை உணர்வதில் குறை உண்டு. பலரும் விரும்பித் தேர்ந்தெடுப்பவை அவ்விரு வண்ணங்களே! நீலமும் ஆரஞ்சும் இவர்களுக்கு ஏற்றவை.

மதிப்பெண் அட்டவணைக்கே திரும்புவோம். 34 பெற்ற மாணவனும் 3 பெற்ற மாணவனும் அங்கே ஒரே சிவப்பில் நிற்கிறார்கள். ஒரு மதிப்பெண் கூடுதலாகப் பெற்றவனோ வெண்மையில் இருக்கிறான். அந்த எல்லையை வகுத்தது கணிப்பொறி அன்று, நாம்தான். ஆகவே வண்ணம் காட்டும் இடத்தில் கண்ணை நிறுத்தி, அங்குள்ள எண்ணையும் படித்த பிறகே முடிவுக்கு வர வேண்டும்.