கடை மாறினால் கேம் யாரிடம்? டிஜிட்டல் கேம் விற்பனையில் வாங்கியவர் உரிமையின் மூன்று அடுக்குகள்

ஆய்வுச் சுருக்கம்

டிஜிட்டல் கடையில் விலை கொடுத்து வாங்கிய கேம், அந்தக் கடை மூடப்படும்போதும் வேறு கடைக்கு மாற்றப்படும்போதும் என்ன ஆகிறது என்பதை இக்கட்டுரை ஆராய்கிறது. நடந்தது விற்பனையா, உரிமம் வழங்கலா என்ற கேள்வியைச் சுற்றியே சட்ட விவாதம் இதுவரை நகர்ந்துள்ளது. வாங்கியவருக்கு நேரும் இழப்பை விளக்க அந்தக் கேள்வி மட்டும் போதாது. அனுமதி, விநியோகம், இயக்கம் என்ற மூன்று அடுக்குகளில் ஒவ்வொன்றையும் மாற்றத்துக்குப் பின் யார் தாங்குகிறார் என்பதே விளைவைத் தீர்மானிக்கிறது. ஆகவே வாங்கியவருக்கான பாதுகாப்பைக் கடை மூடும் நாளில் தேடாமல், விற்கும் நாளிலேயே உறுதிசெய்ய வேண்டும் என்று கட்டுரை வாதிடுகிறது.

திறவுச்சொற்கள்: டிஜிட்டல் கடை, உரிமம், டிஆர்எம், நுகர்வோர் உரிமை, காப்புரிமை

1. முன்னுரை

2023 மார்ச் 27 அன்று நின்டெண்டோ தன் 3டிஎஸ், வீ யூ கருவிகளுக்கான இ-ஷாப்பில் விற்பனையை நிறுத்தியது. 2024 ஜூலை 29 அன்று மைக்ரோசாஃப்ட் எக்ஸ்பாக்ஸ் 360 கடையை மூடியது. முன்பே வாங்கியவர்கள் தம் கேம்களைத் தொடர்ந்து தரவிறக்கிக்கொள்ளலாம் என்று இரு நிறுவனங்களும் அறிவித்தன. இவ்விரண்டுக்கும் இடைப்பட்ட 2024 மார்ச் 31 அன்று, யூபிசாஃப்ட் தன் 'தி க்ரூ' என்ற கார் பந்தய கேமின் சர்வர்களை நிறுத்தியது. அந்தக் கேமை விற்றுவந்த பெருங்கடைகள் திறந்தே இருந்தன. ஆனால் கேம் எவரிடமும் ஓடவில்லை. டிஸ்க்காக வாங்கி வைத்திருந்தவருக்கும் அதே கதிதான்.

ஒரு பக்கம் கடை மூடியும் கேம் பிழைக்கிறது. மறுபக்கம் கடை திறந்திருக்கும்போதே கேம் போய்விடுகிறது. 'கடை போனால் கேம் போகும்' என்ற அச்சமும் 'டிஸ்க் கையில் இருந்தால் கவலையில்லை' என்ற நம்பிக்கையும் இந்நிகழ்வுகளுக்குப் பொருந்தவில்லை. விலை கொடுத்தவரின் கையில் உண்மையில் எது வந்து சேர்ந்தது, எது பிறரிடமே தங்கிவிட்டது என்று பிரித்துப் பார்த்தால்தான் இவற்றை விளக்க முடியும்.

2. மூன்று அடுக்குகள்

ஒரு கேமை ஆடுவதற்கு மூன்று ஏற்பாடுகள் தேவை. முதலாவது அனுமதி: 'இவர் இதை வாங்கியவர்' என்று சரிபார்க்கும் லாகின், ஆக்டிவேஷன், உரிமப் பதிவு ஆகியவை. இரண்டாவது விநியோகம்: கேமின் கோப்புகளும் பேட்ச்களும் வாங்கியவரிடம் வந்து சேரும் வழி, அழிந்துபோனால் மீண்டும் பெறும் வழியும் இதில் அடங்கும். மூன்றாவது இயக்கம்: ஆடும் நேரத்தில் கேம் சார்ந்து நிற்கும் சர்வர், கன்சோல், இயங்குதளம் ஆகியவை.

கார்ட்ரிட்ஜ் காலத்தில் இம்மூன்றும் ஒரே பிளாஸ்டிக் பெட்டியில் அடங்கின. அதைக் கையில் வைத்திருப்பதே அனுமதி, பெட்டியே கேம், கன்சோல் இருந்தால் ஓடும். டிஜிட்டல் கடை இவற்றைப் பிரித்தது. பல சமயங்களில் அனுமதி கடையின் கணக்கிலும், விநியோகம் கடையின் கிளவுடிலும், இயக்கம் கேமை வெளியிட்ட நிறுவனத்தின் சர்வரிலும் தங்குகின்றன.

பிரிக்கும் விதமும் கடைக்குக் கடை வேறுபடும். நின்டெண்டோவின் வீ கன்சோலில் வாங்கிய கேம்களின் உரிமம் அந்தக் குறிப்பிட்ட கருவியோடு பிணைக்கப்பட்டிருந்தது. உள் நினைவகம் 512 எம்பி மட்டுமே என்பதால் பலர் கேம்களை எஸ்டி கார்டுக்கு நகர்த்தினார்கள். ஆனால் அந்தக் கார்டை வேறொரு வீயில் செருகினால் கேம் ஓடாது. கோப்பு கையில் இருந்தும் அனுமதி இல்லாத நிலை அது. 2019 ஜனவரி 30 அன்று வீ ஷாப் மூடப்பட்ட பின், கருவி பழுதானால் கேமை மீண்டும் விலைக்கு வாங்கவும் வழியில்லை. இதற்கு நேர்மாறானது போலந்தின் சிடி ப்ராஜெக்ட் 2008-இல் தொடங்கிய ஜிஓஜி கடை. டிஆர்எம் எனும் டிஜிட்டல் பூட்டு இல்லாத இன்ஸ்டாலர் கோப்பை வாங்கியவரே இறக்கிச் சேமித்துக்கொள்ள அது இடம்தருகிறது. அப்படிச் சேமித்தவர் முதல் இரண்டு அடுக்குகளுக்குக் கடையை நம்பியிருக்கத் தேவையில்லை.

3. ஒரு கேமின் வரலாறு: 'ஜிடிஏ 4'

இந்த அடுக்குகள் தனித்தனியே குலைவதைக் காட்ட, ராக்ஸ்டார் நிறுவனம் 2008 டிசம்பரில் கணினிக்கு வெளியிட்ட 'கிராண்ட் தெஃப்ட் ஆட்டோ 4' நல்ல சான்று. அது மைக்ரோசாஃப்டின் 'கேம்ஸ் ஃபார் விண்டோஸ் லைவ்' சேவையைச் சார்ந்திருந்தது. ஸ்டீம் என்ற டிஜிட்டல் கடையில் வாங்கியவரும் அந்தச் சேவைக்கான கீயைப் பெற வேண்டியிருந்தது. ஒரு கடையில் வாங்கிய பொருளுக்கு வேறொரு நிறுவனம் அனுமதி தரும் ஏற்பாடு இது.

2013 ஆகஸ்டில் மைக்ரோசாஃப்ட் அச்சேவையின் விற்பனைப் பகுதியை மூடியது. கேம் அப்போது நிற்கவில்லை. ஆண்டுகள் கழித்து, 2020 ஜனவரியில், அந்தக் கேம் ஸ்டீமில் விற்பனையிலிருந்து மறைந்தது. மைக்ரோசாஃப்ட் ஆதரவை நிறுத்திவிட்டதால் புதிய கீகளை உருவாக்க முடியவில்லை என்று ராக்ஸ்டார் விளக்கியது. அதே ஆண்டு மார்ச்சில் 'கம்ப்ளீட் எடிஷன்' வந்தது. பழைய வாங்குநர்களின் பிரதியும் அதுவாகவே மாறியது. மைக்ரோசாஃப்டின் பூட்டு நீங்கியது. கூடவே பலர் இணைந்து ஆடும் மல்டிபிளேயர் பகுதியும் நீக்கப்பட்டது. இதற்கு முன்பே, 2018-இல், இசை உரிமக் காலம் முடிந்ததால் வானொலி நிலையங்களின் பல பாடல்கள் ஒரு அப்டேட் மூலம் அகற்றப்பட்டிருந்தன.

இவ்வரலாற்றில் அனுமதி அடுக்கு மீட்கப்பட்டது. இயக்க அடுக்கில் ஒரு பகுதி இழக்கப்பட்டது. விநியோக அடுக்கோ, 2008-இல் விற்ற பொருளை வேறொரு பொருளாக மாற்றி வழங்கும் குழாயாகச் செயல்பட்டது. கணக்கில் கேமின் பெயர் இன்றும் இருக்கிறது. ஆகவே 'கேம் இருக்கிறதா, இல்லையா' என்று கேட்டால் இங்கு நடந்தது எதுவும் அந்தக் கேள்வியில் சிக்காது. அதே சேவையைச் சார்ந்திருந்த பிற கேம்களின் கதி வேறாக அமைந்தது. 'டார்க் சோல்ஸ்' 2014-இல் ஸ்டீமின் சொந்த ஏற்பாட்டுக்கு மாறியது. 'ஃபால்அவுட் 3'-க்கு அந்த விடுதலை 2021-இல்தான் கிடைத்தது. எல்லாவற்றுக்கும் பூட்டு ஒன்றே. அதை எப்போது கழற்றுவது என்பது வெளியீட்டாளரின் விருப்பமாக இருந்தது.

4. மாற்றத்தின் வகைகள்

கடைகள் மாறும் விதங்களில் மூன்றை இங்கே ஒப்பிடலாம். முதல் வகை இடமாற்றம். 2022-இல் கேம் நிறுவனமான பெதஸ்டா தன் சொந்த லாஞ்சர் கடையை மூடியபோது, அதில் வாங்கிய கேம்களைக் கட்டணமின்றி ஸ்டீம் கணக்குக்கு மாற்றித் தந்தது. வாங்கியவருக்குப் பண இழப்பு இல்லை. ஆனால் அவர் ஒப்பந்தம் செய்துகொள்ளாத மூன்றாம் நிறுவனம் ஒன்றின் நிபந்தனைகளை ஏற்றால்தான் தன் கேமை அடைய முடியும் என்றானது.

இரண்டாம் வகை பணத்தைத் திருப்பித் தருதல். 2019 நவம்பரில் தொடங்கிய கூகுளின் கிளவுட் கேம் சேவையான ஸ்டேடியா 2023 ஜனவரி 18 அன்று நின்றது. அங்கு மூன்று அடுக்குகளும் கூகுளிடமே இருந்தன. வாங்கியவரின் கணினியில் ஒரு கோப்பும் இல்லை. ஸ்டேடியா கடையில் வாங்கிய கேம்களுக்கான பணத்தைக் கூகுள் திருப்பித் தந்தது. யூபிசாஃப்ட் தன் கேம்களை ஸ்டேடியாவில் வாங்கியிருந்தவர்களுக்குக் கணினிப் பிரதிகளை வழங்கியது. பிற தளங்களிலும் கிடைத்த கேம்களுக்கு இது நியாயமான தீர்வு. ஸ்டேடியாவில் மட்டுமே வெளிவந்த 'அவுட்காஸ்டர்ஸ்' போன்ற கேமுக்கு அந்தப் பணத்தைக் கொண்டு வாங்க மாற்று ஏதும் இல்லை. மேலும் ஸ்டேடியாவின் பின்னால் கூகுளின் கஜானா இருந்தது. அதை எல்லாக் கடைகளிடமும் எதிர்பார்க்க முடியாது.

மூன்றாம் வகை, கடை அப்படியே இருக்க ஒரு பொருளுக்கு மட்டும் விநியோகத்தை நிறுத்துவது. 2014 ஆகஸ்டில் பிளேஸ்டேஷன் 4-க்கு இலவசமாக வந்த 'பி.டி.' என்ற கொனாமியின் திகில் கேம், அடுத்த ஆண்டு கடையிலிருந்து நீக்கப்பட்டது. கன்சோலில் வைத்திருந்தவர் தொடர்ந்து ஆடினார். இடம் வேண்டி அழித்தவர் மீண்டும் இறக்க முடியாமல் போனது. விலையற்ற கேம் ஆனாலும், அனுமதி நிலைத்து விநியோகம் மட்டும் அறும் நிலையை இது தெளிவாகக் காட்டுகிறது.

கடையை மூடுவது தவிர்க்க முடியாத தொழில்நுட்பத் தேவை என்று அடிக்கடி சொல்லப்படுகிறது. 2021 மார்ச்சில் சோனி, பிளேஸ்டேஷன் 3, வீட்டா, பிஎஸ்பி கடைகளை மூடுவதாக அறிவித்தது. எதிர்ப்பு எழுந்ததும் ஏப்ரலில், முதல் இரண்டு கடைகளும் தொடரும் என்று மாற்றிச் சொன்னது. சில வாரங்களில் திருத்தக்கூடிய முடிவைத் தொழில்நுட்பத்தின் தலைவிதி என்று ஏற்க முடியாது.

5. சட்டம் நிற்கும் இடம்

2012-இல் ஐரோப்பிய ஒன்றிய நீதிமன்றம் யூஸ்டுசாஃப்ட் எதிர் ஆரக்கிள் வழக்கில், விலைக்குக் காலவரையறையின்றித் தரப்படும் மென்பொருள் உரிமம் விற்பனைக்குச் சமம் என்றும், அதை மறுவிற்பனை செய்யலாம் என்றும் தீர்ப்பளித்தது. அதையொட்டி பிரான்சின் நுகர்வோர் அமைப்பான யூஎஃப்சி-க்யூ ஷுவாசீர், ஸ்டீமை நடத்தும் வால்வ் மீது வழக்குத் தொடுத்தது. 2019-இல் பாரிஸ் நீதிமன்றம் அவ்வமைப்புக்குச் சாதகமாகத் தீர்ப்பளித்தது. 2022-இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் அதை மாற்றியது: கேம் என்பது வெறும் கணினி நிரல் அன்று, படமும் இசையும் கதையும் சேர்ந்த கூட்டுப்படைப்பு, ஆகவே மென்பொருளுக்கான விதி பொருந்தாது என்றது.

இந்தியாவில் நிலை சற்று மாறுபட்டது. 2021-இல் உச்ச நீதிமன்றம் இன்ஜினியரிங் அனாலிசிஸ் வழக்கில், வெளிநாட்டு மென்பொருளுக்குச் செலுத்தும் தொகை காப்புரிமைக்கான ராயல்டி அன்று, காப்புரிமை பெற்ற பொருளின் விலையே என்றது. அது வருமான வரி வழக்கு. நுகர்வோருக்கு அதிலிருந்து நேரடி உரிமை எதுவும் பிறக்கவில்லை. 'விற்பனை' என்று நீதிமன்றம் சொன்னாலும், அணைக்கப்பட்ட சர்வரை அந்தச் சொல்லால் இயக்க முடியாது. யூஸ்டுசாஃப்ட் தீர்ப்பு முழுமையாகப் பொருந்தியிருந்தாலும் 'தி க்ரூ' வாங்கியவருக்குக் கிடைத்திருப்பது, ஓடாத கேமை மறுவிற்பனை செய்யும் உரிமைதான்.

அடுக்குகளைப் பிரித்துப் பார்த்த முன்மாதிரி அமெரிக்காவில் உண்டு. டிஜிட்டல் பூட்டை உடைப்பதைத் தடைசெய்யும் அந்நாட்டுச் சட்டத்துக்கு 2015-இல் ஒரு விலக்கு அளிக்கப்பட்டது. சரிபார்ப்புச் சர்வர் நிறுத்தப்பட்ட கேமை, முறையாக வாங்கியவர் தன் கருவியில் ஆடுவதற்காகப் பூட்டை நீக்கலாம். இணையவழியில் பலர் இணைந்து ஆடும் ஆட்டத்துக்கு அவ்விலக்கு நீளவில்லை. அனுமதியும் இயக்கமும் வெவ்வேறு என்பதை விதி ஏற்றுக்கொண்ட இடம் இது. ஆனால் சுமை வாங்கியவர் தோளில் விழுந்தது. பூட்டியவர் திறந்து தர வேண்டியதில்லை. வாங்கியவர் உடைத்துக்கொண்டால் குற்றமில்லை, அவ்வளவே.

2025 ஜனவரி 1 முதல் நடைமுறையில் உள்ள கலிஃபோர்னியாவின் ஏபி 2426 சட்டம் வேறு வழியில் செல்கிறது. தருவது உரிமம் மட்டுமே என்றால் விற்பவர் அதைத் தெளிவாகச் சொல்ல வேண்டும். 2024 அக்டோபரிலேயே ஸ்டீம் அத்தகைய அறிவிப்பைப் பணம் செலுத்தும் பக்கத்தில் சேர்த்தது. அறிவிப்பு நேர்மையானது, ஆனால் அது மூன்று அடுக்குகளையும் ஒரே வரியில் மூடிவிடுகிறது. சர்வர் இன்றி ஓடாத பந்தய கேமுக்கும், ஒருமுறை இறக்கினால் கடையின் லாஞ்சர் கூட இன்றி ஓடும் புதிர் கேமுக்கும் ஸ்டீம் காட்டுவது ஒரே வாசகம்தான்.

6. எதிர்வாதங்கள்

பிறரிடம் பெற்ற இசை, கார் உரிமங்கள் காலாவதியாவதால் கேமை நிலைநிறுத்த முடியாது என்பது முதல் எதிர்வாதம். 'ஆலன் வேக்' 2017 மே மாதத்தில் இசை உரிமம் முடிந்ததால் விற்பனையிலிருந்து விலகி, 2018-இல் திரும்பியது. இடைப்பட்ட காலத்தில் முன்பே வாங்கியவர்களின் பிரதிகள் அப்படியே இருந்தன. புதிய விற்பனைக்குத்தான் உரிமம் தடையானது. பழைய பிரதியையும் பாதிக்கும் உரிம ஒப்பந்தத்தைச் செய்வதும் செய்யாதிருப்பதும் வெளியீட்டாளர் கையில் உள்ளன.

இரண்டாவது எதிர்வாதம் வலுவானது. ஆயிரக்கணக்கானோர் ஒரே உலகில் ஆடும் கேமில் சர்வரே கேம். அதை வாங்கியவர் கையில் ஒப்படைக்கச் சொல்வது நடைமுறைக்கு ஒவ்வாது. இதை ஏற்கலாம். ஆனால் அத்தகைய கேம் குறைந்தது எத்தனை ஆண்டு ஓடும் என்று விற்கும்போதே தேதியிட்டுச் சொல்ல முடியும். அதற்கு முன் நிறுத்தினால் விலையில் உரிய பங்கைத் திருப்பித் தரலாம். தனியாள் ஆட்டமே பெரும்பகுதியாக உள்ள கேமுக்கு இவ்வாதம் பொருந்தாது. 'தி க்ரூ' மூடப்பட்டதால் எழுந்த கண்டனத்துக்குப் பின், அதே யூபிசாஃப்ட் 2024 செப்டம்பரில் 'தி க்ரூ 2'-க்கு ஆஃப்லைன் முறை தருவதாக அறிவித்தது. முதல் கேமுக்கு அப்படி ஒன்று இல்லாமல் போனதற்குத் தொழில்நுட்பம் மட்டுமே காரணம் என்ற வாதம் இதனால் வலுவிழக்கிறது.

7. முடிவுரை

'ஸ்டாப் கில்லிங் கேம்ஸ்' இயக்கத்தின் ஐரோப்பியக் குடிமக்கள் மனு 2025 ஜூலையில் 10 லட்சம் கையொப்பத்தைத் தாண்டியது. ஆதரவை நிறுத்தும்போது கேமை ஆடத்தக்க நிலையில் விட்டுச்செல்ல வேண்டும் என்பது அதன் கோரிக்கை. நியாயமான கோரிக்கை, ஆனால் கடமை கடைசி நாளில் பிறப்பதாக வைத்தால் ஒரு சிக்கல் உண்டு. அந்நாளில் நிறுவனம் திவாலாகியிருக்கலாம், பேட்ச் எழுத ஆளே இல்லாமல் போயிருக்கலாம். கேமை இழந்தவர் கடன்காரர்களின் வரிசையில் கடைசியில் நிற்பார்.

ஆகவே மூன்று கடமைகளையும் விற்பனை நாளோடு பிணைக்க வேண்டும். சரிபார்ப்பு நீக்கும் பேட்ச், வெளியீட்டின்போதே தயாரிக்கப்பட்டு மூன்றாம் தரப்பிடம் வைப்பாக இருக்க வேண்டும். வாங்கியவர் தன்னிடம் வைத்துக்கொள்ளும் இன்ஸ்டாலரும், கடை கைமாறினால் பழைய வாங்குநர்களுக்கான கடமை புதிய உரிமையாளரைச் சேரும் என்ற விதியும் விநியோக அடுக்குக்குத் தேவை. இயக்கத்துக்கு ஆஃப்லைன் முறையோ, தேதியிட்ட குறைந்தபட்ச ஆயுளோ உறுதிசெய்யப்பட வேண்டும்.

இவற்றில் விநியோகத்துக்கான கோரிக்கை சட்டத்துக்குப் புதிதும் அன்று. விற்பவர் திரும்பப் பறிக்க இயலாதபடி நிரந்தரமாக இறக்கி, இணையமின்றிப் பயன்படுத்தத் தரும் பொருளுக்கு ஏபி 2426 அறிவிப்புக் கடமையிலிருந்து விலக்கு அளிக்கிறது. முழுமையான விற்பனை எப்படி இருக்கும் என்று சட்டத்துக்கே தெரிந்திருக்கிறது என்பதற்கு இதுவே சான்று. அந்த விலக்கை நெறியாக்கி, உரிமம் மட்டும் தருவதைக் காரணம் காட்டிப் பெற வேண்டிய விலக்காக மாற்றுவதே அடுத்து செய்ய வேண்டியது.