ஏட்டில் புள்ளி இல்லை, கிளாஸ் கோப்பில் குறிப்பு இல்லை

நம் வலங்கைமானுக்குப் பக்கத்துக் கும்பகோணத்தில், அரசுக் கல்லூரியில் இருந்த காலத்தில்தான் உ.வே.சா. சீவக சிந்தாமணியை ஏடுகளிலிருந்து மீட்டு 1887-இல் அச்சிட்டார். ஏட்டில் மெய்க்குப் புள்ளி கிடையாது. எகரம், ஏகாரம் இரண்டுக்கும் ஒரே வடிவம். காலும் ரகரமும் ஒன்றுபோலவே இருக்கும். விட்டுப்போனதைப் படிப்பவர்தான் ஊகித்து நிரப்ப வேண்டும்.

கம்ப்யூட்டர் துறையில் இதற்கு நெருங்கிய வேலை டீகம்பைல் செய்வது. ஜாவாவில் எழுதிய நிரலைக் கம்பைல் செய்தால் கிளாஸ் கோப்பு வரும். எழுதியவர் போட்ட விளக்கக் குறிப்புகள் அதில் இருக்காது. மெத்தடுக்குள் வைத்த மாறிகளின் பெயர்களும் பெரும்பாலும் போய்விடும். மெத்தட் பெயர்கள் தங்கும். மூல நிரல் தொலைந்து, ஓடிக்கொண்டிருக்கும் கோப்பு மட்டும் மிஞ்சிய அலுவலகத்துக்கு அதுதான் கதி.

ஜாவா 1995-இல் வந்தது. மறு ஆண்டே நெதர்லாந்தின் ஹன்பீட்டர் வான் விலீட் ‘மோக்கா’ என்ற டீகம்பைலரை வெளியிட்டார். எங்கள் நிரலைத் திருட வழி செய்கிறாயே என்று கூச்சல் எழுந்தது. அவரே, நிரலைக் குழப்பி மறைக்கும் ‘கிரீமா’வையும் செய்தார். பூட்டும் அவரே, சாவியும் அவரே! அந்த ஆண்டின் கடைசி நாளில் புற்றுநோயால் இறந்தார்.

மோக்காவுக்குப் பின் வந்த கருவிகளுக்குத் தலைவலி ஜாவாவின் வளர்ச்சி. 2011-இல் வந்த ஜாவா 7, சொற்களை வைத்து ஸ்விட்ச் எழுத விட்டது. கம்பைலர் அதை ஹாஷ் எண்களாகவும் இரண்டு ஸ்விட்சுகளாகவும் உடைத்துவிடும். 2014-இல் ஜாவா 8-இன் லாம்டா வந்தது. அதன் உடல் தனி மெத்தடாகப் பிரிந்துபோகும். இருந்த இடத்தில் இன்வோக்டைனமிக் என்ற கட்டளை நிற்கும். பழைய டீகம்பைலர் அங்கே திணறும், இல்லாவிட்டால் யாரும் எழுதியிராத நிரலைக் காட்டும். இரண்டாவதுதான் ஆபத்து என்பேன். திணறினால் நமக்குத் தெரிந்துவிடுமே. 2018 முதல் ஆறு மாதத்துக்கு ஒரு ஜாவா வருகிறது.

இது திருட்டா என்று கேட்பவர்களுக்கு: நம் பதிப்புரிமைச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு, 1999 திருத்தத்துக்குப் பிறகு, முறையாக நிரலை வைத்திருப்பவர், தாம் தனியாக எழுதிய இன்னொரு நிரல் அதனோடு சேர்ந்து இயங்கத் தேவையான தகவலை, வேறு வழியில் எளிதில் கிடைக்காதபோது, எடுத்துக்கொள்ள இடம் தருகிறது. அப்படியே நகலெடுத்து விற்க அல்ல.

இந்த வேலையில் இருக்கும் என் பழைய மாணவர்களுக்கு ஒன்று. கிளாஸ் கோப்பின் தொடக்கத்திலேயே பதிப்பு எண் இருக்கிறது. 52 என்றால் ஜாவா 8, 61 என்றால் ஜாவா 17. அதைப் பார்த்துவிட்டுக் கருவியை எடுங்கள்.