துணைப்படை என்னும் சரக்கு

கூரத்தில் கிடைத்த செப்பேடு முதலாம் பரமேசுவரவர்மனைப் பற்றி ஒன்று சொல்கிறது. பல லட்சம் பேர் கொண்ட படையோடு வந்த சாளுக்கிய விக்கிரமாதித்தனை, எவர் துணையுமின்றித் தனியொருவனாகவே, கந்தலைப் போர்த்திக்கொண்டு ஓடும்படி செய்தானாம். மெய்க்கீர்த்திக்காரர்கள் அப்படித்தான் எழுதுவார்கள், அது அவர்கள் தொழில். ஆனால் நம் பாடப்புத்தகங்களும் அதே இலக்கணத்தில்தானே எழுதப்படுகின்றன? 'ஆங்கிலேயர் வென்றனர்', 'ஹைதர் முறியடித்தார்'. இந்த எழுவாய்களுக்குள் எத்தனை பேர் புதைந்து கிடக்கிறார்கள் என்று யாரும் தோண்டிப் பார்ப்பதில்லை.

கூரத்திலிருந்து அதிகத் தொலைவில்லை புள்ளலூர். 1780 செப்டம்பர் 10 அன்று கர்னல் பெய்லியின் கம்பெனிப் படை அங்கே அழிந்தது. அந்த 'ஆங்கிலப்' படையில் பெரும்பகுதி சிப்பாய்கள், அதாவது நம்மாட்கள். எதிரே ஹைதரிடமும் சம்பளம் வாங்கிய ஐரோப்பியர் இருந்தார்கள், பிரெஞ்சுக்காரர் லாலேயின் தலைமையில். சீரங்கப்பட்டணத்து தரியா தௌலத் மாளிகைச் சுவரில் அவர் தொலைநோக்கியோடு குதிரைமேல் நிற்பதை இன்றும் பார்க்கலாம். இந்தப் பக்கம் நாம், அந்தப் பக்கம் அவர்கள் என்கிற கதையாடல் புள்ளலூர் வயல்வெளியிலேயே உடைந்துபோகிறது.

புள்ளலூருக்குப் பிறகு கம்பெனிக்கு ஐரோப்பிய ஆள் தேவை. பிரிட்டிஷ் துருப்புகளோ அமெரிக்கப் போரில் மாட்டிக்கொண்டிருந்தன. ஜெர்மனி என்று ஒரே நாடு அப்போது கிடையாது, இருந்தவை சிற்றரசுகள். அவற்றில் ஒன்றான ஹனோவரின் அரசரும் இங்கிலாந்தின் மூன்றாம் ஜார்ஜும் ஒரே ஆள். ஆக 1781இல் ஒரு விநோதமான பேரம் நடந்தது. ஒரு வணிகக் கம்பெனி, தன் ராஜாவின் இன்னொரு தொப்பியிடமிருந்து இரண்டு ரெஜிமெண்டுகளை வாடகைக்கு எடுத்தது. ஹனோவர் காலாட்படையின் 15ஆம், 16ஆம் ரெஜிமெண்டுகள். ஏறத்தாழ 2,000 பேர். சென்னையில் இறங்கிய இவர்கள் 1783 ஜூனில் கடலூரில் புஸ்ஸியின் பிரெஞ்சுப் படையோடு மோதினார்கள்.

இந்த வாடகை முறையின் அமைப்பைக் கவனிக்க வேண்டும். படை துண்டு துண்டாகப் பிரித்துச் சேர்க்கப்படுவதில்லை. முழு ரெஜிமெண்டாக வரும். அதிகாரிகள், கட்டளை மொழி எல்லாம் சொந்த ஊருடையவை. எங்கே போய்ச் சாவது என்பதை மட்டும் வாடகைக்கு எடுத்தவர் தீர்மானிப்பார். சிப்பாய் தனியாளாகக் கம்பெனியில் சேர்ந்தான். ஹனோவர்க்காரன் சொந்தக்காரனுள்ள சரக்காக வந்தான். மிஞ்சியவர்கள் 1790களின் தொடக்கத்தில் ஊர் திரும்பினார்கள். திரும்பாதவர்களில் ஒருவர் கார்ல் ஷ்லேகல், 1789இல் சென்னையில் இறந்தார். இந்தியரின் மொழியையும் ஞானத்தையும் பற்றி 1808இல் நூல் எழுதிய ஃப்ரீட்ரிஷ் ஷ்லேகலின் அண்ணன். ஜெர்மானிய இந்தியவியலைப் பேசுகிறவர்கள் தம்பியின் நூலகத்திலிருந்து ஆரம்பிக்கிறார்கள். அண்ணனின் சம்பளப் பட்டியலிலிருந்தும் ஆரம்பிக்கலாம்.

சரி, சம்பளம் யார் கொடுத்தது? காஞ்சிபுரம் வட்டாரம் 1763 முதல் கம்பெனியின் ஜாகீர். ஆற்காட்டு நவாபின் வருவாயையும் 1781 டிசம்பரில் கம்பெனி எழுதி வாங்கிக்கொண்டது. போரில் எரிந்த ஊர்களின் நிலவரியும் போர்ச் செலவின் கணக்கில்தான் போய்ச் சேர்ந்தது. “யாரு சண்டைக்கு யாரு கட்டுறது?” என்று ஒரு உழவன் கேட்டிருந்தால் அதற்கு எந்த ஒப்பந்தத்திலும் பதில் இல்லை.

ஹனோவர் மட்டுமல்ல. வூர்ட்டம்பெர்க் கோமகன் 1787இல் சுமார் 2,000 பேரை டச்சுக் கம்பெனிக்கு விற்றார். நன்னம்பிக்கை முனைக்குப் போன அந்த ரெஜிமெண்ட் பிறகு ஜாவாவுக்கும் இலங்கைக்கும் சிதறியது. 1796இல் கொழும்பு ஆங்கிலேயரிடம் சரணடைந்தபோது கோட்டைக்குள் அவர்களும் இருந்தார்கள்.

நெப்போலியன் இந்தச் சந்தையை மூடினார் என்று சொல்வதுண்டு. மூடவில்லை, விலையை எடுத்துவிட்டார், அவ்வளவுதான். 1806 ஜூலையில் உருவான ரைன் கூட்டமைப்பில் சேர்ந்த அரசுகள் 63,000 பேரைத் தரவேண்டும்: பவேரியா 30,000, வூர்ட்டம்பெர்க் 12,000, பாடன் 8,000 என்று ஒதுக்கீடு. பெயர் 'நேச நாடுகள்'. இன்னொரு பக்கம், 1803இல் பிரெஞ்சுக்காரர் ஹனோவரைப் பிடித்தபின் தப்பியவர்கள் இங்கிலாந்தில் 'அரசரின் ஜெர்மன் படை'யாகத் திரண்டார்கள். 1809இல் ஸ்பெயினின் தலவேராவில் இரண்டு தரப்பிலும் ஜெர்மானியர் நின்றார்கள். ஆங்கிலத் தரப்புத் தளபதி ஆர்தர் வெல்லஸ்லி. பத்து வருஷம் முந்தி சீரங்கப்பட்டண முற்றுகையில் இருந்தவர்.

அவருடைய அண்ணன் ரிச்சர்ட்தான் 1798 முதல் துணைப்படைத் திட்டத்தை இந்திய அரசுகள்மேல் சுமத்தியவர். ஐரோப்பாவில் சிற்றரசன் ஆளைக் கொடுத்துக் காசு வாங்கினான். இங்கே சிற்றரசன் காசையும் கொடுத்து, தன் வாசலில் கம்பெனியின் ஆளையும் நிறுத்திக்கொண்டான். நவாப் ஏற்கெனவே ஒத்திகை பார்த்துவிட்டார்: 1792 உடன்படிக்கைப்படி கம்பெனிப் படைக்காக ஆண்டுக்கு 9 லட்சம் வராகன். 1801இல் ராஜ்யமே போயிற்று. வூர்ட்டம்பெர்க் கோமகனின் வாரிசோ 1806இல் மன்னராகவே முடிசூடிக்கொண்டார்.

ஆக 'துணை' என்பது ஒரே சொல், மூன்று உறவுகள்: வாடகை, ஒதுக்கீடு, கப்பம். யார் சம்பளம் கொடுத்தார் என்பதை மட்டும் வைத்துப் படை யாருடையது என்று தீர்மானிக்க முடியாது. அப்படியென்றால் கம்பெனிப் படை நவாபுடையதாக அல்லவா இருந்திருக்கும்? நிபந்தனையை எழுதும் பேனா யார் கையில் என்பதே அதிகாரத்தின் இடம். அந்தப் பேனா எழுதும் வரலாற்றில்தான் எல்லா அரசர்களும் கூரத்துச் செப்பேட்டுப் பல்லவனைப் போலத் 'தனியாக' வெல்கிறார்கள்.