டிரைவரைத் தேர்ந்தெடுப்பது திறமையா? கிண்டி வரைக்கும் போன ஒரு கேள்வி

கடலூர் பஸ் ஸ்டாண்டில் சிதம்பரம் பஸ்ஸுக்கு நிற்கிறவர்களில் சிலர் போர்டைப் பார்ப்பதற்கு முன்னாடி டிரைவர் யாருன்னு பார்ப்பாங்க. ஆலப்பாக்கம், புதுச்சத்திரம், பி.முட்லூர் என்று நாற்பது சொச்சம் கிலோமீட்டர்தான். ஆனால் யார் ஓட்டினால் எத்தனை நிமிஷம் என்ற கணக்கு அவங்களுக்கு அத்துப்படி. இதே கணக்கை அமெரிக்காவில் ஒரு விளையாட்டாகவே ஆக்கி வெச்சிருக்காங்க. அந்தக் கணக்குக்கு ‘திறமை’ என்று பேர் வைக்கலாமா என்ற கேள்வியில் நம்ம கிண்டிக்கு ஒரு பெரிய பங்கு உண்டு. அதைத்தான் இங்கே எழுதப் போறேன்.

முதலில் ஸ்டாக் கார். ஷோரூமில் விற்கிற மாதிரிக் காரை வைத்தே நடத்தும் பந்தயமாக இது தொடங்கியது. (இன்றைய கார்களுக்கு அந்தத் தோற்றம்தான் மிச்சம், உள்ளே எல்லாமே வேற.) நாஸ்கார் அமைப்பு உருவானது 1948இல். அந்தக் காலத்து டிரைவர்களில் பலர் தென் மாநில மலைப்பாதைகளில் ராத்திரி நேரத்தில் கள்ளச்சாராயம் கடத்திப் பழகியவர்கள். ஆல்பேட்டை செக்போஸ்ட்டைத் தாண்டிப் பாண்டிச்சேரி போய் வருகிற கடலூர்க்காரர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை! அவர்களில் பெரிய பேர் ஜூனியர் ஜான்சன். 1956இல் அப்பாவின் சாராய அடுப்பருகே பிடிபட்டு ஜெயிலுக்குப் போனார். வெளியே வந்து 1960இல் டேடோனா 500 பந்தயத்தை ஜெயித்தார். அவருடைய செவர்லே மற்ற கார்களைவிட வேகம் குறைந்தது. வேகமான காரின் முதுகோடு ஒட்டிப் போனால் காற்றின் தடை குறைந்து தன் வண்டியும் இழுபட்டுப் போவதைப் பயிற்சியின்போதே கண்டுகொண்டார். அதை வைத்தே ஜெயித்தார்.

இது திறமை, சந்தேகமே இல்லை. ஆனால் அதே டேடோனாவில் 2011இல் ட்ரெவர் பெய்ன் ஜெயித்தார். வயசு 20 முடிந்து ஒரே நாள் ஆகியிருந்தது. உயர்மட்டத் தொடரில் அது அவருக்கு இரண்டாவது பந்தயம்தான். முந்தின நாள் ராத்திரி அவரைத் தன் அணியில் சேர்த்தவர் திறமைசாலியா, யோகக்காரரா?

இந்தக் கற்பனை அணி ஆட்டத்தின் கணக்கைக் கொஞ்சம் பார்க்கலாம். பிரபலமான ஒரு வகையில் உங்களுக்குக் கற்பனையாக 50,000 டாலர் தருவார்கள். அதற்குள் ஆறு டிரைவர்களை வாங்க வேண்டும். நட்சத்திரங்களுக்கு விலை அதிகம், ஆறு பேரையும் அப்படி வாங்க முடியாது. முடிக்கும் இடத்துக்குப் புள்ளி உண்டு. அதோடு, புறப்பட்ட இடத்திலிருந்து எத்தனை இடம் முன்னேறினார் என்பதற்கும் புள்ளி. அதனால் முதலிடத்தில் நிற்கிறவரைவிட, தகுதிச்சுற்றில் ஏதோ கோளாறாகிக் கடைசி வரிசைக்குப் போன நல்ல டிரைவர்தான் லாபம். விவரம் தெரிந்தவர்கள் அவரைத்தான் தேடுவார்கள். இது படிப்பும் உழைப்பும் கலந்த வேலைதான்.

நம்ம ஊர் ஆளை வைத்தே சோதிச்சுப் பார்க்கலாமே. கோயம்புத்தூர் நரேன் கார்த்திகேயன் 2010இல் நாஸ்காரின் டிரக் தொடரில் ஓட்டினார். நாஸ்காரில் ஓட்டிய முதல் இந்தியர் அவர். மார்ட்டின்ஸ்வில்லில் நடந்த முதல் பந்தயத்தில் 13ஆம் இடம். ஒரு பந்தயமும் ஜெயிக்கவில்லை. ஆனாலும் அந்த வருஷம் அந்தத் தொடரின் ‘மிகப் பிரபலமான டிரைவர்’ விருது ரசிகர்கள் ஓட்டில் அவருக்குத்தான் கிடைத்தது. பாசத்தில் ஓட்டுப் போடலாம். பாசத்தில் அணியில் சேர்த்தால் புள்ளி வருமா?

வந்த நாளும் ஒன்று உண்டு. 2005 ஜூன் 19, இண்டியானாபொலிஸ் ஃபார்முலா ஒன். டயர் பாதுகாப்புப் பிரச்சினையால் மிஷெலின் டயர் போட்ட 14 கார்கள் விலகின, ஆறே கார்கள் ஓடின. ஜோர்டன் காரில் நரேன் நாலாவதாக வந்து ஐந்து புள்ளி எடுத்தார். எந்தப் புள்ளிவிவரமும் அதை முன்கூட்டிச் சொல்லியிருக்காது.

இந்தத் திறமை–அதிர்ஷ்டத் தகராறு நம்ம ஊரில் கோர்ட்டுக்குப் போனது காரால் இல்லை, குதிரையால். 1974இல் தமிழக அரசு குதிரைப் பந்தயத்தை ஒழிக்கச் சட்டம் போட்டது. கிண்டியில் பந்தயம் நடத்தும் மெட்ராஸ் ரேஸ் கிளப்பையே எடுத்துக்கொள்ள 1986இல் இன்னொரு சட்டம். வழக்கு சுப்ரீம் கோர்ட் வரை போய், 1996 ஜனவரியில் கே.ஆர். லட்சுமணன் வழக்கில் தீர்ப்பு வந்தது. குதிரையின் வம்சம், பயிற்சி, சுமக்கும் எடை, ஜாக்கியின் கைத்திறன் எல்லாம் கணக்கிடக்கூடியவை, அதனால் இதில் திறமையே மேலோங்கி நிற்கிறது, சூதாட்டமல்ல என்றார்கள்.

ஜாக்கிக்குப் பதில் டிரைவர், குதிரைக்குப் பதில் கார் என்று போட்டுப் படிச்சுப் பாருங்க, அப்படியே பொருந்தும். பொருத்தவும் செய்தார்கள். கற்பனைக் கிரிக்கெட் அணியில் 50,000 ரூபாய் கட்டித் தோற்ற ஒருவர் வழக்குப் போட்டபோது, 2017இல் பஞ்சாப்–ஹரியானா உயர் நீதிமன்றம் இந்தக் கிண்டித் தீர்ப்பைப் பிடித்துத்தான் அதைத் திறமை ஆட்டம் என்றது. பெரிய வியாபாரம் ஒன்று அந்த நிழலில் வளர்ந்தது.

என் பார்வையில் அந்தத் தீர்ப்பின் தர்க்கத்தில் ஓட்டையில்லை. ஆனால் தேர்ந்தெடுக்கிறவருக்குத் திறமை உண்டா என்று மட்டும் கேட்டால், தோற்கிறவர் எவ்வளவு தோற்கிறார் என்ற கேள்வி வெளியிலேயே நின்றுவிடுகிறது. ரேஸுக்குப் போக ஒரு நாளும் ஒரு இடமும் வேண்டும். கைப்பேசிக்கு ரெண்டுமே வேண்டாம். ஆன்லைன் ரம்மியில் கடன்பட்டுத் தற்கொலை செய்துகொண்டவர்களைப் பற்றிய செய்திகள் தொடர்ந்து வந்த பிறகுதான், நீதிபதி சந்துரு குழுவின் அறிக்கையைப் பெற்று, 2022இல் தமிழகம் ஆன்லைன் சூதாட்டத் தடைச் சட்டம் கொண்டுவந்தது. ஆளுநர் திருப்பி அனுப்பி, மறுபடி நிறைவேறி, 2023 ஏப்ரலில் ஒப்புதல் கிடைத்தது. அந்த நவம்பரிலேயே சென்னை உயர் நீதிமன்றம் ரம்மியும் போக்கரும் திறமை ஆட்டங்கள் என்று சொல்லி அவற்றுக்கான தடையை நீக்கியது. மறுபடியும் அதே சொல்!

2025 ஆகஸ்ட்டில் வந்த மத்திய அரசுச் சட்டம் அந்தச் சொல்லையே தாண்டிப் போனது. திறமையோ அதிர்ஷ்டமோ, பணம் கட்டி ஆடும் ஆன்லைன் ஆட்டம் எதுவும் கூடாது என்றது. பணம் கட்டிச் சேரும் கற்பனை அணிப் போட்டிகளை நிறுவனங்கள் உடனே நிறுத்திக்கொண்டன. கிண்டி மைதானத்தை ஏற்கெனவே 2024 செப்டம்பரில் குத்தகைத் தகராறில் அரசு சீல் வைத்திருந்தது. அதற்கும் திறமைக்கும் சம்பந்தமில்லை, அது வாடகை விவகாரம்.